சீனிக் கப்பலில் அடுப்பெரித்தவரின் பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கண்டிப்பான கணக்கப்பிள்ளைக்கும், யாருக்கும் தெரியாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்டு ஒன்றும் அறியாதவனைப்போல வந்து நிற்கும் பையனுக்கும் ஒரே பட்டந்தான் வழங்கிவந்தது: எம்டன். “அவன் பெரிய எம்டன்” என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதில் அச்சமும் மெச்சுதலும் கலந்திருக்கும். அது ஒரு கப்பலின் பெயர் என்பது பதின்மூன்று வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. இலங்கை மலையகத்தின் அப்புத்தளை மலைமுகட்டில் நின்றால், மேகம் இல்லாத நாட்களில், தெற்கே வெகுதூரத்தில் வெளிறிய ஒரு கோடாகக் கடல் தெரியும். அந்தக் கோட்டைத் தவிரக் கடலைப் பற்றி எதுவும் அறியாத, லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் வாயில் ஒரு ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர் மூன்று தலைமுறைகளாகப் புழங்கிவந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போது பெரிய அதிசயமாக இருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கப்பலின் கதையைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். ஆசிரியரான பிறகு ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் அதைச் சொன்னேன். 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு மதராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்ததையும், வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்கள் புறப்பட அஞ்சித் துறைமுகங்களிலேயே கிடந்ததையும், கப்பல் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர் தாம் பிடித்த வணிகக் கப்பல்களின் ஆட்களைக் கொல்லாமல் இறக்கிவிட்டு வெறுங்கப்பலை மட்டுமே மூழ்கடித்ததையும், கபிங்கா என்ற கப்பலில் ஏற்றி விடுவிக்கப்பட்ட கைதிகள் தங்களைப் பிடித்தவர்களையே வாழ்த்தி ஆரவாரம் செய்ததையும் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருக்கும். இந்திய விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார் என்று யாராவது குறுக்கிட்டால், அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில் இருந்தார், சூரிச்சிலிருந்து பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தார் என்று திருத்துவேன். நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவுகளுக்கருகே அவுஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னியின் குண்டுகளில் எம்டன் சிதைந்து, அதிலிருந்த 130க்கும் மேற்பட்டோர் இறந்த இடத்துக்கு வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை நான் விரும்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் மாமா காலமானார். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ட்ரையர் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தவர். (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.) பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மாலையில், லயத்து வாசலில் கட்டியிருந்த படங்குக்குக் கீழே உறவுப் பையன்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ யாரையோ எம்டன் என்றார்கள், நான் தொடங்கிவிட்டேன். அன்று கொழும்புக்கருகே நடந்த பகுதியைச் சொன்னேன். கப்பல் நிறையச் சீனியோடு போன டைமெரிக் என்ற சரக்குக் கப்பலை, கொழும்புத் துறைமுகத்தின் தேடொளி தெரியும் தூரத்திலேயே வைத்து எம்டன் பிடித்த துணிச்சலை விவரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அடுப்படியில் இருந்த அத்தை, கையில் தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நின்று கேட்டிருக்கிறார். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் கேட்டார்: “தம்பி, அந்தச் சீனிக் கப்பல்ல அடுப்பு எரிச்ச ஆளுக்கு அன்னைக்குப் பேர் போட்டாங்களா?”

“அதெல்லாம் யாருக்கு அத்தை தெரியும்” என்று சொல்லிவிட்டு, நான் மதராஸ் குண்டுவீச்சுக்குப் போய்விட்டேன். அத்தையும் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றிரவு பஸ்ஸில் பண்டாரவளைக்குத் திரும்பும்போதுதான் அந்தக் கேள்வி என்னோடு ஏறிவந்திருப்பதை உணர்ந்தேன். பிறகு அது இறங்கவே இல்லை.

பேர்

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியின் முழுப் பொருளும் விளங்காது. எங்கள் பேச்சில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். காலையில் பிரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், நின்றவரின் பெயரைச் செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் பதிவதிலிருந்து வந்த வழக்கு அது. “இந்த மாசம் எத்தனை பேர்?” என்றால் எத்தனை நாட்சம்பளம் என்று பொருள். சொன்ன கிலோ கொழுந்து நிறையாவிட்டால் அரைப்பேர். மழையில் மலை வேலை நிறுத்தப்பட்டால் அரைப்பேர். அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்று ஒரு பெண் லயத்துக்கு வந்து சொல்லும்போது, அவளுடைய பெயரில் பாதியை யாரோ வெட்டி எடுத்துக்கொண்டதுபோல எனக்குச் சிறுவயதில் கேட்டிருக்கிறது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்த பிறகு, பல தோட்டங்களில் கொழுந்தின் அளவைக் கூட்டியதனால் இந்த அரைப்பேர் என்ற சொல் முன்னைவிட அதிகமாகவே மலையில் கேட்கிறது.

பெயரையும் கூலியையும் இப்படிச் சேர்த்துக் கட்டிய வழக்கத்துக்குக் கடலோடும் ஓர் உறவு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் முன்னோர் வந்தபோது, தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த ஒரு தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். சரக்குப் பெட்டிக்கு அடையாளம் போடுவதுபோல, அந்த வில்லையைப் பார்த்தே அவர்களை எந்தத் தோட்டத்தில் சேர்ப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல். எம்டன் இந்தக் கடலுக்கு வந்த அதே ஆண்டு. ஒரு கப்பலின் வயிற்றில் யாரோ எரித்த அடுப்பின் பலத்தால்தான் அதன் பிறகு வந்த எங்கள் ஆட்கள் கரையேறினார்கள். இதை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

ஆகவே அத்தையின் கேள்வி கணக்கைப் பற்றியது மட்டுமல்ல. அடுப்பெரித்த ஒருவருடைய மனைவியாக முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர், அந்தக் கதையில் தமக்குத் தெரிந்த ஒரே ஆளைத் தேடியிருக்கிறார். முல்லரை நான் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினேன். அவருடைய கப்பலின் பெயர் எங்கள் மொழியிலேயே தங்கிவிட்டது. டைமெரிக்கில் கரி அள்ளியவரை நான் ஒரு சொல்லால்கூடக் குறிப்பிடவில்லை. அப்படி ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பதே, நூறு முறை சொன்ன கதையில், எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

டைமெரிக்

அதன் பிறகு நான் படித்ததெல்லாம் எம்டனைப் பற்றியதாக இல்லாமல், அது மூழ்கடித்த கப்பல்களைப் பற்றியதாக மாறியது. பதினைந்துக்கும் மேற்பட்ட பிரித்தானிய நீராவிக் கப்பல்கள். அவற்றில் டிப்ளோமட் என்ற பெரிய கப்பல் கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 1,000 தொன் தேயிலையோடு போய்க்கொண்டிருந்தது. பொன்ராபெல் என்ற 473 தொன் தூர்வாரும் கப்பல் தஸ்மேனியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சில வெறுமையாக வந்தவை, சில கரி சுமந்தவை. அவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன். டைமெரிக்கின் பெயருக்குக் கீழே மட்டும் கோடிட்டேன்.

3,314 தொன் கொள்ளளவுடைய சரக்குக் கப்பல் அது. அன்ட்ரூ வியர் என்பவரின் பாங்க் லைன் வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையின் நீராவிக் கப்பல்கள் பலவற்றின் பெயர் இப்படி ‘எரிக்’ என்றே முடியும். அளவில் எம்டனும் அதுவும் ஏறத்தாழ ஒன்றுதான். ஜாவாவில் ஏற்றிய சீனியோடு கொழும்பைத் தொட்டு, பிரித்தானியாவை நோக்கிப் புறப்பட்டிருந்தது. செப்டெம்பர் 25ஆம் திகதி பகலில், கல்கத்தாவை நோக்கி வெறுமையாக வந்த கிங் லட் என்ற கப்பலை எம்டன் காலிக்குத் தெற்கேயுள்ள கடலில் மூழ்கடித்துவிட்டு, மேற்குக் கரையோரமாக வடக்கே வந்தது. அன்றிரவு கொழும்பின் தேடொளி கடலைத் துழாவிக்கொண்டிருந்தபோது, அந்த ஒளியின் பின்னணியில் துறைமுகத்திலிருந்து வெளிவரும் ஒரு கப்பலின் நிழலுரு தெரிந்தது. காவலுக்கு ஏற்றிய விளக்கே அந்தக் கப்பலைக் காட்டிக்கொடுத்தது.

அந்த நேரத்தில் கப்பலின் அடியில் என்ன நடந்துகொண்டிருந்திருக்கும் என்பதை நான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். அக்காலத்துச் சரக்குக் கப்பலின் கொதிகலன் அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. நான்கு மணிநேரம் வேலை, எட்டு மணிநேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணிநேரம் என்று நாள் முழுவதும் ஆட்கள் மாறுவார்கள். ஒருவர் கரிக்கிடங்கிலிருந்து கரியை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து கொட்டுவார். மற்றவர் அதை அள்ளி அடுப்பின் வாய்க்குள், உள்ளே முழுவதும் சமமாகப் பரவும்படி, வீசுவார். நீண்ட இரும்புக் கம்பியை விட்டு எரிந்து கட்டிபட்ட கரியை உடைப்பார். சாம்பலை இழுத்து, நீரூற்றித் தணித்து, வாளியில் மேலேற்றிக் கடலில் கொட்டுவார்கள். வெப்பநாட்டுக் கடலில் அந்த அறையின் வெப்பம் 50 பாகையைத் தொடும். ஆவியின் அழுத்தம் குறையவும் கூடாது, மீறவும் கூடாது.

மாமாவின் வேலையும் இதுவே. ட்ரையரில் ஓடும் தேயிலைக்குச் சூடு குறைந்தால் ஈரம் நின்று புளித்துப்போகும், கூடினால் கருகிப்போகும். டீ மேக்கர் ஐயா மேலே வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நிற்பார், கீழே அடுப்பின் முன்னால் நிற்பவருக்கு வெப்பமானி தேவையில்லை. விறகு வெடிக்கும் சத்தத்திலேயே தமக்குத் தெரிந்துவிடும் என்று மாமா சொல்வார். அவருடைய முன்கைகளில் ரோமமே இருந்ததில்லை. சிறுவயதில் அது பிறவியிலேயே அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டைமெரிக்கை எம்டன் நிறுத்தியபோது அதன் தலைவர் கோபத்தோடு வாதிட்டார், கீழ்ப்படியத் தயங்கினார் என்று படித்திருக்கிறேன். கீழே அடுப்பின் முன் நின்றவர்களுக்கு முதலில் எட்டியது இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் மணியோசையாகத்தான் இருந்திருக்கும். அதன் பிறகு மேலே வரச் சொல்லியிருப்பார்கள். படகுகளில் ஏற்றினார்கள். எம்டனின் ஆட்கள் இப்படிப் பிடித்த கப்பல்களின் இயந்திர அறைக்கு இறங்கி, கடல்நீர் உள்ளே வரும் வால்வுகளைத் திறந்துவிடுவதும் வெடி வைப்பதும் வழக்கம். சற்றுமுன்வரை தாங்கள் பேணிவந்த நெருப்பின்மேல் கடல் ஏறுவதை, இருட்டில் படகில் உட்கார்ந்தபடி அவர்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். மறுநாள், அதாவது 26ஆம் திகதி, கிரைஃப்வேல் என்ற கப்பல் பிடிபட்டது. 27ஆம் திகதி பியூரஸ்க் என்ற கரிக்கப்பல் பிடிபட்டது, ரிபேராவும் ஃபோயிலும் மூழ்கடிக்கப்பட்டன. பிறகு கிரைஃப்வேலில் இத்தனை கப்பல்களின் ஆட்களையும் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். என் கதையில் இது எப்போதும் இன்பமான முடிவாகவே இருந்துவந்தது. ஒருவரும் சாகவில்லை, எல்லோரும் கரை சேர்ந்தார்கள், முல்லர் கண்ணியமானவர். அத்தையின் கேள்வி தொடங்குவது இந்த முடிவுக்கு அடுத்த வரியில்.

எம்டனின் அச்சம் கரையில் இருந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் தியத்தலாவையில் தென்னாபிரிக்கப் போயர் போர்க்கைதிகளுக்குப் பெரிய முகாம் இருந்ததை இங்குள்ளவர்கள் அறிவார்கள். அப்படி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் நாடு திரும்ப முடியாமற்போன எங்கல்பிரெக்ட் என்பவர், யால சரணாலயத்தின் முதலாவது காவலராக வேலை பார்த்துவந்தார். எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற பொய்க் குற்றச்சாட்டில் அவர் சிறையிலடைக்கப்பட்டார். கப்பலையே கண்டிராத ஒருவர், அதன் பெயரால் தம் வேலையையும் விடுதலையையும் இழந்தார்.

158ஆம் பிரிவு

கேள்விக்கான விடை எனக்குக் கிடைத்தது ஒரு சட்டத்தில். கப்பல்களைப் பற்றிய நூல்களில் அதைத் தேடி அலுத்திருந்த நேரம், சட்டம் படிக்கும் பழைய மாணவர் ஒருவர், “சேர், சம்பளம் என்றால் அது ஒப்பந்தந்தானே, சட்டத்தில் பாருங்கள்” என்றார். இவ்வளவு எளிய வழி எனக்கு எப்படித் தோன்றாமற்போனது என்று இன்றும் வருந்துகிறேன்.

1914இல் பிரித்தானியக் கப்பல்களை ஆண்டது 1894ஆம் ஆண்டின் வணிகக் கப்பற்சட்டம். அதன் 158ஆம் பிரிவு சில வரிகள் மட்டுமே. கப்பல் உடைந்தோ அழிந்தோ போனதனால் ஒருவருடைய வேலை உரிய காலத்துக்கு முன்பு முடிந்தால், அது முடிந்த நேரம் வரைக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு, அதற்கு மேல் இல்லை. அதே பிரிவில், அதே வாக்கியத்தில், இன்னொரு நிலையும் சேர்க்கப்பட்டிருக்கிறது: உடல்நலம் குன்றிப் பயணத்தைத் தொடர இயலாது என்று சான்றளிக்கப்பட்டு அயல்நாட்டுக் கரையில் விடப்பட்டவருக்கும் அந்த நேரம் வரைதான். கப்பல் அழிவதும் உடல் அழிவதும் சட்டத்தின் கணக்கேட்டில் ஒரே வகை நிகழ்ச்சிகள்.

அந்த வரிகளை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மூழ்கிய நேரம் வரைதான் பேர். அப்படியானால் அடுப்பில் கடல் ஏறிய அந்த நிமிடத்தில், படகில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் பெயர் செக்ரோலிலிருந்து நீங்கிவிட்டது. அதன் பிறகு அவர் கைதியாக இருந்த நாட்களுக்கும், கிரைஃப்வேலில் கொழும்புக்கு வந்த நாட்களுக்கும், அடுத்த கப்பல் தேடித் துறைமுகத்தில் காத்திருந்த நாட்களுக்கும் பேர் இல்லை. கரை சேர்ந்தார்கள் என்று நான் மகிழ்ச்சியோடு முடித்த இடம், அவர்களுக்கு வேலையற்றவர்களாக இறங்கிய இடம்.

இதுகூட முன்னேற்றமாகக் கருதப்பட்ட நிலைதான் என்பது பிறகு தெரிந்தது. அதற்கு முந்தைய காலத்தில், சரக்குக் கூலியே சம்பளத்தின் தாய் என்று ஒரு கொள்கை ஆங்கிலக் கடற்சட்டத்தில் இருந்தது. சரக்கு போய்ச் சேர்ந்து கப்பற்காரருக்குக் கூலி கிடைத்தால்தான் மாலுமிக்குச் சம்பளம்; வழியில் கப்பல் அழிந்தால், மாதக்கணக்காக உழைத்திருந்தாலும், ஒன்றுமில்லை. 1854ஆம் ஆண்டுச் சட்டந்தான் அந்தக் கொள்கையை நீக்கியது. கொழுந்து கூடையிலிருந்து தராசுக்கு வரும் வழியில் கொட்டிப்போனால் அன்றைய பேரே இல்லை என்பதைப் போன்றது அது. எங்கள் மலையில் எவருக்கும் இந்தக் கொள்கையை விளக்கிச் சொல்லத் தேவையிராது.

இன்னொன்றையும் அப்போது படித்தேன். அது என்னை இன்னும் அதிகமாக உலுக்கியது. 1914 ஓகஸ்டில் போர் மூண்டபோது ஹம்பர்க் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரித்தானியக் கப்பல் அங்கேயே தடுத்துவைக்கப்பட்டது. அதன் ஆட்களையும் பின்னர் முகாமில் அடைத்தார்கள். வீட்டுச் செலவுக்கென்று கணவனின் சம்பளத்தில் எழுதிக்கொடுக்கப்பட்டிருந்த பங்கு நின்றுபோனதால், ஒரு கப்பலோட்டியின் மனைவி வழக்குத் தொடுத்தார். வழக்கு அக்காலத்தில் பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. பயணத்தைத் தொடர முடியாத நிலை வந்தபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஆகவே சம்பளமும் முடிந்துவிட்டது என்று 1916இல் தீர்ப்பளித்தார்கள். என் கணவனுக்கு அந்த நாட்களுக்குப் பேர் போட்டீர்களா என்பதுதான் அந்தப் பெண்ணின் வழக்கு. கருமாதி மாலையில் வாசற்படியில் நின்று என் அத்தை கேட்டதும் அதுவே. அவருக்கு நான் சொன்ன பதிலை நினைத்தபோது என்னால் மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை.

நிலைமை மாறத் தொடங்கியது போர் முடிந்த பிறகுதான். 1920இல் ஜெனோவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, கப்பல் அழிந்தால் அதனால் வேலையற்றுப் போகும் நாட்களுக்கு அதே சம்பள விகிதத்தில், இரண்டு மாதச் சம்பளம் வரையாவது, கொடுக்க வேண்டும் என்ற 8ஆம் இலக்க உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. பிரித்தானியா அதைத் தன் சட்டத்தில் சேர்த்தது 1925இல். டைமெரிக் மூழ்கிப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் காலத்துப் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் சுமார் 50,000 ஆசியக் கப்பலோட்டிகள் வேலை செய்தார்கள். லாஸ்கர் என்று அவர்களை அழைத்தார்கள். வெள்ளைக்கார மாலுமியைவிட மிகக் குறைந்த சம்பளத்தில், வேறொரு வகை ஒப்பந்தத்தின் கீழ், பெரும்பாலும் அடுப்பறையிலும் தளத்திலும் உழைத்தவர்கள். முதலாம் உலகப் போரில் இறந்த வங்காள, அசாம் கப்பலோட்டிகளுக்காகக் கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் 1924இல் உயர்ந்த நினைவுத் தூண் ஒன்று திறக்கப்பட்டது. அது 896 பேருக்கானது. அந்த எண்ணைப் படித்தபோது எனக்குத் தகர வில்லை நினைவுக்கு வந்தது. எண்ணாக இருப்பது ஒன்றுமில்லாமல் இருப்பதைவிட மேலானதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. எங்கள் பாட்டன்மார் எண்களாகவே வந்திறங்கினார்கள், செக்ரோலிலும் எண்களாகவே இருந்தார்கள். ஆனால் அந்தச் செக்ரோலைப் பாதுகாத்து வைத்திருந்த இடங்களில் பேரப்பிள்ளைகள் பிரசாவுரிமைக்கு அதையே சான்றாகக் காட்டவும் முடிந்தது.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவை எல்லாவற்றையும் சொல்வதற்காகவே தோட்டத்துக்குப் போனேன். அத்தை இப்போது தனியாகத்தான் இருக்கிறார். வழக்கம்போலப் பிளேன்டீயைக் கொடுத்துவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வைத்தார். “அத்தை, ஒரு நாள் கேட்டீங்களே, அந்தச் சீனிக் கப்பல்ல அடுப்பு எரிச்சவருக்குப் பேர் போட்டாங்களான்னு” என்று தொடங்கினேன். மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன், மறக்கவில்லை. இருந்த பலகையை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் சட்டத்தைச் சொன்னேன். கப்பல் மூழ்கிய நேரம் வரைக்கும் போட்டார்கள், அதற்குப் பிறகு இல்லை என்றேன்.

“எத்தனை மணிக்கு முங்குச்சு?”

“ராத்திரியில அத்தை.”

“அப்ப அந்த நாள் பேர் கெடைச்சிருக்கும்” என்றார். பிறகு விரல்களை மடக்கி எண்ணினார். “கரை சேர மூணு நாளாச்சுன்னியே, அதுக்கு?”

“அதுக்கு இல்ல.”

“பொண்டாட்டி புள்ளைக்குச் சொல்லி அனுப்பியிருப்பானா?”

அதற்கு நான் ஹம்பர்க் கப்பலையும் அந்தப் பெண்ணின் வழக்கையும் சொன்னேன். பெரிய கோர்ட்டு வரைக்கும் போய்த் தோற்றார் என்றதும், “போனாளே” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லில் மெச்சுதல் இருந்தது. எம்டனைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் ஆட்களின் குரலில் வரும் அதே மெச்சுதல்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அத்தை எழுந்து போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்த பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தார். அதில் பிறப்புச் சான்றிதழ்கள், இறந்தவர்களின் அடையாள அட்டைகள், ஒரு பழைய தகர வில்லை, ரப்பர் நாடா போட்டுக் கட்டிய சம்பளத் துண்டுகள் எல்லாம் இருந்தன. மேலாக இருந்த துண்டை எடுத்து என்னிடம் தந்தார். மாமாவின் கடைசி மாதத்துத் துண்டு. அவர் அடுப்பின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தது பகல் பதினொரு மணிக்கு என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. துண்டில் வேலை செய்த நாட்கள் என்ற கட்டத்தை அத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பதினொன்றரை என்று போட்டிருந்தது.